கூதிர்கால விருந்தினர்

ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இரு திங்களைக் கூதிர்காலம் என்று நம் முன்னோர் வகுத்தனர். சென்னைவாசிகளான நமக்கோ அது அடைமழைக் காலம். குடையும் சேறும் ஒழுகும் கூரையுமே நினைவுக்கு வரும் காலம். ஆயினும் இந்நாட்களில்தான் இமயமலை அடிவாரத்திலிருந்தும், நடு ஆசியாவிலிருந்தும், பனி மூடத் தொடங்கும் சைபீரியாவிலிருந்தும் எண்ணற்ற விருந்தினர் நம் நகரத்து நீர்நிலைகளை நாடி வருகின்றனர். நம் வீட்டு மாடிக்கு மேலாகவே அப்பறவைகள் பறந்து சென்றாலும், அவை வந்ததையும் போனதையும் அறியாமலே நம்மில் பலர் வாழ்ந்து முடிக்கிறோம்.

எரேமியா இறைவாக்கினர் வாழ்ந்த நாடும் பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பெருவழியில் அமைந்த நாடே. நாரையும் தகைவிலானும் தாம் திரும்பிவர வேண்டிய காலத்தை அறிந்திருக்க, இறைமக்களோ ஆண்டவரின் நெறியை அறியாதிருக்கின்றனரே என்று தம் நூலின் எட்டாம் அதிகாரத்தில் அவர் வருந்துகிறார். பறவை வரும் காலத்தைக் கூர்ந்து நோக்கியவருக்கே இத்தகைய ஒப்புமை தோன்றும். அந்த நோக்கும் பழக்கத்தை நாமும் கற்றுக்கொள்ளலாம் என்று கருதி, பங்கு இளைஞர் சிலருடன் மயிலையிலும் அடையாற்றிலும் சில விடியற்காலைப் பொழுதுகளைக் கழித்தோம். கையில் ஒரு குறிப்பேடு. வேறு பெரிய கருவி எதுவுமில்லை.

மயில் வாழ்ந்த ஊர்

மயிலாப்பூர் என்னும் பெயரிலேயே ஒரு பறவை குடியிருக்கிறது. உமையம்மை மயில் வடிவில் வழிபட்ட தலம் என்பது இந்து சகோதரர்களின் தல வரலாறு. நம் மரபிலும் மயிலுக்கு இடமுண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இங்கு வழங்கிய கதையொன்றை எழுதி வைத்தார். தூய தோமையார் மயில்கள் சூழ்ந்த சோலையில் இறைவேண்டல் செய்துகொண்டிருந்தபோது, மயிலைக் குறிவைத்த ஒருவனுடைய அம்பு தவறி அவர்மீது பாய்ந்ததாம். திருத்தூதர் ஈட்டியால் குத்தப்பட்டு மறைசாட்சியானார் என்பதே நம்மிடையே வழிவழியாக வரும் செய்தி. ஆயினும் அந்தப் பயணி எழுதி வைத்த காரணத்தால், மயிலோடும் சோலையோடும் சேர்த்தே இவ்வூரை மக்கள் நினைத்தனர் என்பதை 700 ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அறிகிறோம்.

எழுதி வைப்பதன் பயனுக்கு மற்றொரு சான்றும் இந்நகரத்திலேயே உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராயிருந்த எட்வர்ட் பக்லி என்பவர் சென்னைப் பறவைகளின் படங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஜான் ரே என்னும் அறிஞரின் பறவை நூல் 1713ஆம் ஆண்டு வெளிவந்தபோது அப்படங்களும் அதில் இடம்பெற்றன. இந்தியப் பறவைகளைப் பற்றி அச்சேறிய மிகப் பழைய பட்டியல்களுள் அது ஒன்று.

பெயரில் மட்டும் வாழும் ஏரி

தியாகராய நகரில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் மக்கள் வெள்ளமும் நிறைந்திருப்பதைக் காணும் இளைஞர், அங்கே முன்னர் தண்ணீர் வெள்ளம் நின்றதென்றால் நம்ப மறுப்பர். நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டை வரை, மவுண்ட் ரோட்டின் மேற்கே நீண்டு கிடந்தது மயிலாப்பூர் ஏரி. அதன் நீளங்கருதி வெள்ளையர் அதனை ‘லாங் டேங்க்’ என்றனர். 19ஆம் நூற்றாண்டில் படகுப் போட்டிகள் நடைபெறும் அளவுக்கு அதில் நீர் இருந்தது. பெருகிவரும் மக்களுக்குக் குடியிருப்பு வேண்டி 1923 முதல் ஏரி வடிக்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த நகருக்குச் சர் பிட்டி தியாகராயர் பெயர் சூட்டப்பட்டது. வடக்கே அதனையடுத்து இருந்த நுங்கம்பாக்கம் ஏரியின் பகுதியில் 1976இல் வள்ளுவர் கோட்டம் அமைந்தது.

மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்றும் இருக்கிறது. அங்கே நின்று எத்திசையில் நோக்கினும் ஏரி மட்டும் தென்படாது. வீடற்றோருக்கு வீடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அன்று நகர் அமைத்தோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் ஏரிக்குத் தெருப் பலகையில் ஒரு பெயராவது எஞ்சியது. அதன் கரையில் ஆண்டுதோறும் வந்திறங்கிய உள்ளான்களுக்கும் நாரைகளுக்கும் அத்தகைய பலகை எதுவுமில்லை. மழை நீரோ தன் பழைய இடத்தை மறப்பதில்லை. பெருமழை பெய்யும் ஆண்டுகளில் மாம்பலத்துத் தெருக்கள் அதனை நமக்கு நினைவூட்டுகின்றன.

அடையாற்றின் முகத்துவாரம்

ஏரி போயினும் ஆறு இருக்கிறது. கடலோடு கலக்குமிடத்தில் அடையாறு விரிந்து, கிளை பிரிந்து, குயிபிள் தீவைச் சுற்றி உப்பங்கழியாகக் கிடக்கிறது. நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றிற்கு அவ்விடம் புதிதன்று. அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் நம் பெற்றோரும் உற்றோரும் துயில்கின்றனர். நவம்பர் 2ஆம் நாள் மெழுகுதிரியும் மலருமாக நாம் அங்குச் செல்லும் காலம், வலசைப் பறவைகள் அக்கழியில் வந்திறங்கும் காலமும் ஆகும். செபம் முடித்துத் திரும்புகையில் கழியின் பக்கம் சற்றே நோக்கினால் போதும்.

சேற்றில் செந்நிற நீண்ட கால்களை ஊன்றி நெடுங்கால் உள்ளான் நடக்கும். வெள்ளைக் கொக்கு சிலைபோல் நிற்கும். மடையான் மண்ணோடு மண்ணாகக் குந்தியிருந்து, எழுந்து பறக்கும்போதுதான் தன் வெண்சிறகைக் காட்டும். வக்கா பகலெல்லாம் மரத்தில் உறங்கி, அந்தி மயங்கியதும் இரைதேடப் புறப்படும். நீர் வற்றிய சேற்றுத் திட்டில், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள் அக்கொடுக்கை உயர்த்தி உயர்த்தி யாரையோ அழைப்பன போல் அசைக்கும்.

இக்கழியின் ஒரு பகுதி முன்னர்க் கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டுக் கிடந்தது. குப்பை அகற்றி, நீருக்கு வழிவிட்டு, இம்மண்ணுக்குரிய மரஞ்செடிகளை நட்டு, 58 ஏக்கரில் அமைத்த தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. கெட்ட இடம் மீண்டும் நலம்பெறக் கூடும் என்பதற்கு அது கண்கண்ட சான்று.

ஆற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் தோப்பு 1882 முதல் இருந்துவருகிறது. அத்தகைய நிழலை நாடி ஐப்பசியில் வருவதுதான் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, நீலச் சிறகு, சிவந்த அடிவயிறு, கண்ணருகே கருங்கோடு என இறைவன் வண்ணப்பெட்டியையே கவிழ்த்துவிட்டது போன்ற பறவை. காலையும் மாலையும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் அப்பெயர். வட இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் குஞ்சு பொரித்து, இரவு இரவாகப் பறந்து தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. களைத்த குருவி சில வேளைகளில் நகர வீடுகளின் கொல்லையில் வந்து விழுவதுண்டு. அவ்வாறு கண்டால், பூனையும் காகமும் அணுகாதபடி இருண்ட அட்டைப்பெட்டி ஒன்றில் வைத்து அமைதியாக இளைப்பாற விடுங்கள். தெளிந்ததும் மரநிழலில் திறந்து விடுங்கள். கூண்டில் அடைக்கலாகாது, அது சட்டப்படியும் குற்றம்.

பட்டியல் காத்த சதுப்புநிலம்

பறவைகளை எண்ணி எழுதுவதால் யாருக்கு என்ன பயன் என்று இளைஞர் ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வியே. அதற்கு விடை தெற்கே பள்ளிக்கரணையில் இருக்கிறது. வெறும் சதுப்பு, குப்பை கொட்டவே தகுந்த நிலம் என்று கருதப்பட்டு அது நாளுக்கு நாள் சுருங்கி வந்தது. ஆனால் அங்கே ஆண்டாண்டாகச் சென்று பூநாரையையும் வாத்தையும் உள்ளானையும் எண்ணிக் குறித்துவந்த இயற்கை ஆர்வலர்கள் இருந்தனர். வெறும் நிலம் என்று சொன்னவர்களுக்கு அவர்களுடைய பட்டியல் மறுமொழியாயிற்று. குடிமக்களும் குரல் எழுப்பினர். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் பள்ளிக்கரணை இடம்பெற்றது. இழந்தது மீளவில்லை எனினும் எஞ்சியதற்கு ஒரு வேலி கிடைத்தது.

படித்தவர்களால் மட்டும் இயலும் பணி இது என்று எண்ண வேண்டாம். வேடந்தாங்கல் உழவர்கள் பல தலைமுறைகளாகத் தம் ஏரிக்கு வரும் பறவைகளைக் காத்துவருகின்றனர். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். நம் மயிலையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் அவர்களோ, பெருங்காட்டு யானைகளை ஆராய்ந்தது போலவே வீட்டைச் சுற்றியுள்ள காகத்தையும் அணிலையும் நோக்கி, 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் எழுதினார்.

குடும்பத்திற்கு ஒரு குறிப்பேடு

தொடக்கநூலின்படி மனிதன் முதலில் செய்த பணிகளுள் ஒன்று உயிர்களுக்குப் பெயரிடுவது. பெயர் அறியாததை நாம் காண்பதுமில்லை, காணாததைக் காப்பதுமில்லை. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பேடு தொடங்கலாம். காலை ஆறு முதல் எட்டு வரை நல்ல நேரம். நாள், இடம், நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை எழுதுக. பெயர் தெரியாவிடில் அலகும் காலும் நிறமும் எழுதுக. ஒன்றும் காணாத நாளில் ஒன்றுமில்லை என்றே எழுதுக, அதுவும் செய்திதான். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் அதே விவரங்களை ‘இபேர்டு’ என்னும் உலகப் பதிவேட்டிலும் சேர்க்கலாம். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் பங்குபெறலாம். தாத்தா பாட்டியிடம் பழைய பெயர்களைக் கேட்டு எழுதுவது இரட்டிப்புப் பயன். நெற்றியில் வெள்ளை நாமம் தரித்த கருநிறப் பறவைக்கு நாமக்கோழி என்று பெயரிட்ட பாமரரின் கூரிய கண்ணைப் பிள்ளைகள் வியக்கட்டும்.

அசிசியாரின் திருநாளான அக்டோபர் 4ஆம் நாள், வலசை தொடங்கிவிட்ட பருவத்தில் வருவது பொருத்தமே. 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ், அப்புனிதரின் பாடலிலிருந்தே தம் சுற்றுமடலுக்குப் பெயர் எடுத்து, பூமியை நம் பொது இல்லம் என்றார். அந்த இல்லத்திற்குக் கூதிர்காலத்தில் வருவோரின் பெயரும் அறியாத வீட்டாராக நாம் இருத்தல் தகுமா?

ஒரு சிட்டுக்குருவியும் வானகத் தந்தையின் நினைவுக்குத் தப்புவதில்லை என்று ஆண்டவர் கற்பித்தார். அவருடைய ஏட்டில் எல்லாம் இருக்கின்றன. நம் வீட்டு ஏட்டிலும் சிலவேனும் இருக்கட்டும். நாளை ஒரு நீர்நிலையைத் தூர்க்க முற்படுவோரிடம், இங்கே இன்னார் வாழ்கின்றனர் என்று எடுத்துக்காட்ட அது உதவும்.