பெயர்ப் பலகையும் பதிவேடும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்ததும், பங்கு மன்றத்தில் ஒருவரை மேடையேற்றி, "பதிவு பெற்ற ஊட்டச்சத்து நிபுணர்" என்று நாமே அறிமுகம் செய்துவைத்தோம். வெண்ணிற மேலங்கி, தடையற்ற பேச்சு, கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு சான்றிதழ். அதை வழங்கியவர் யாரென்று நாம் வாசித்துப் பார்க்கவில்லை. ஞானஸ்நானச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை கண்டாலும் திருமண ஓலையை நிறுத்திவைத்து விசாரிக்கிறவர்கள் நாம்! பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோயாளி ஆதலால், முன்வரிசையில் அமர்ந்து ஆவலோடு கேட்டோம்.

அன்று அவரிடம் ஆலோசனை பெற்றவர்களுள் சிறுநீரகம் தளர்ந்திருந்த ஒரு தாயும் இருந்தார். இயற்கை உணவு எவரையும் கெடுக்காது என்று கூறி, நாள்தோறும் இளநீர், வாழைப்பழம், கீரைச்சாறு, இவற்றோடு தாமே விற்கும் ஒரு புரத மாவு என எழுதிக்கொடுத்தார் அவர். மூன்றாம் வாரம் நள்ளிரவில், அத்தாயின் மகன் அறைவீட்டுக் கதவைத் தட்டினார். "சாமி, அம்மாவுக்கு நாடி விட்டு விட்டு அடிக்குது. உடனே வாங்க." நோயாளர் எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

இறையருளால் அவர் பிழைத்தார். ஆனால் இன்று வாரம் இருமுறை டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே படுத்திருக்கிறார்.

நடந்ததென்னவென்று அரசு மருத்துவமனையின் உணவியலர் அம்மையார் நமக்கு விளக்கினார். இளநீரிலும் பழத்திலும் கீரையிலும் பொட்டாசியம் மிகுதி. நலமான சிறுநீரகம் மிஞ்சியதை வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் அது இயலாது. இரத்தத்தில் தேங்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். புரத மாவோ மேலும் ஒரு சுமை. இத்தகைய நோயாளிக்குக் காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடச் சொல்வாராம். சத்தெல்லாம் போயிற்றே என்று நம் சமையற்காரர் அலறுவார். ஆரோக்கியருக்கு மருந்தாவது நோயாளிக்கு நஞ்சாகும் என்பதை அறிவதற்கே ஒரு படிப்பு இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்தே அந்த மனிதரின் பெயரைச் சொல்லிவிடத் துடித்தோம். இரவெல்லாம் எழுதிய பிரசங்கத்தைக் காலையில் கிழித்துப்போட்டோம். அவர் தரப்பைக் கேட்டவர் எவருமில்லையே.

பிறகு, இத்தகையோரை யார் கேட்பது என்று விசாரிக்கத் தொடங்கினோம். நம் பங்கைச் சேர்ந்த பெண்ணொருத்தி இங்கிலாந்தில் உணவியலராயிருக்கிறாள். அங்கே 'டயட்டீஷியன்' என்ற பெயர் சட்டத்தின் காவலில் உள்ளது. தவறிழைத்தவரைத் தொழில் மன்றத்தின் நடுவர்கள் விசாரித்து, எச்சரிக்கலாம், நிபந்தனைகள் விதிக்கலாம், ஓராண்டு வரை இடைநிறுத்தலாம், பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். நீக்கப்பட்டவர் 5 ஆண்டுகள் கழியுமுன் திரும்பச் சேர்க்கக் கேட்கவும் முடியாது. (குருக்களாகிய நமக்கும் திருச்சபைச் சட்டத்தில் பணித்தடை உண்டு, ஆகவே இது நமக்குப் புரியாத மொழியன்று.) ஆனால் அங்கும் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று எவரும் பலகை மாட்டிக்கொள்ளலாமாம், அதற்குக் காவலில்லை.

நம் நாட்டில் இந்திய உணவியல் சங்கம் நெடுங்காலமாகத் தேர்வு நடத்தித் தகுதியளித்து வருகிறது. ஆயினும் ஒரு சங்கம் தன் உறுப்பினரையன்றி வேறெவரைக் கண்டிக்க முடியும்? 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டமே உணவியலரையும் ஊட்டச்சத்தியலரையும் மாநிலப் பதிவேட்டின்கீழ்க் கொண்டுவந்தது. தொழில் ஒழுக்கம் தவறியவரின் பெயரை, அவருடைய வாதத்தைக் கேட்டபின், நீக்க அதில் இடமுண்டு. 2021இல் இயற்றப்பட்டபோது, பதிவு பெறாமலே பெற்றதாகச் சொல்பவருக்கு முதன்முறை 50,000 ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருந்தது. மீண்டும் செய்தால் 6 மாதம் வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்றிருந்தது.

"பதிவு பெற்ற" என்ற சொல் அவருடைய பலகையிலும் இருந்தது. எதில் பதிவு என்று நேரில் சென்று கேட்டோம். "ஃபாதர், நீங்களே என்னை அறிமுகம் செய்தீர்களே!" என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுக்க மனு எழுதினோம். அந்தத் தாயின் மகனும் உடன் வந்தார். எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலின் நகலை இணைத்தோம். அவரைப் பங்கு மன்றத்தில் மேடையேற்றியது பங்குக் குருவே என்பதையும் கடைசி வரியில் எழுதி, கையெழுத்திட்டோம். மகன் அதைப் படித்துவிட்டு, "இது வேண்டாமே சாமி" என்றார். அடிக்கவில்லை, அப்படியே கொடுத்துவிட்டு வந்தோம்.