குறிப்பேடு தந்த நிமிர்வு

பதவியாலோ செல்வத்தாலோ கல்வியாலோ உயர்ந்த ஒருவரின் முன் முதன்முறையாக நிற்கும்போது, எளிய மனிதருக்கு அவருடைய உடலே ஒத்துழைக்க மறுக்கிறது. நா வறள்கிறது, குரல் தாழ்கிறது, வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த சொற்கள் வாயில் வருவதில்லை. மாவட்ட ஆட்சியரிடம் மனு அளிக்க வரிசையில் நிற்கும் முதியவருக்கும், நேர்காணல் அறையின் கதவைத் திறக்கும் இளைஞருக்கும், மேடையேறிப் பரிசு பெறும் மாணவிக்கும் இந்த நடுக்கம் பொதுவானது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், அந்த நடுக்கத்தின் பிடியில் ஒருவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சிலர் கூனிக் குறுகுகின்றனர். தம்மிடமுள்ள திறமையையும் மறைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் சொல்வதற்கெல்லாம் தலையசைக்கின்றனர். வேறு சிலர் தம்மைப் பெரிதாகக் காட்ட முனைகின்றனர். இல்லாத நெருக்கத்தை இருப்பதுபோல் காட்டுகின்றனர். வெளியே வந்ததும் ‘அவர் எனக்கு வேண்டியவர்’ என்று சொல்லிப் பெருமை தேடுகின்றனர். இவ்விரு இயல்புகளும் எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டிற்கும் வேர் ஒன்றே. தம் மதிப்பைப் பிறர் முகத்தில் தேடுவதே அவ்வேர். பெரியவர் புன்னகைத்தால் இவர்கள் வளர்கின்றனர்; அவர் முகம் சுளித்தால் தேய்கின்றனர்.

தமிழ்ச் சமுதாயம் இச்சிக்கலை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. பரிசிலை நம்பி வாழ்ந்தவர்கள் சங்கப் புலவர்கள். எனினும், தம்மை நேரில் காணாமலேயே அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். அவர் வறுமையை அறியாதவர் அல்லர்; பசியால் வாடும் தம் குடும்பத்தின் நிலையை மன்னரிடம் மறைக்காமல் எடுத்துரைத்தவரும் அவரே. உதவி கேட்க அவர் நாணவில்லை. மதிக்கப்படாமல் பெறுவதற்கே நாணினார். திருவள்ளுவரும் பொருட்பாலில் ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’, ‘அவையஞ்சாமை’ என்னும் அதிகாரங்களை அமைத்தார். வலியோரிடம் பழகுவதும் கற்றோர் அவையில் அஞ்சாது பேசுவதும் பிறவியிலேயே வாய்ப்பவை என்று கருதியிருந்தால், அவற்றைக் கற்பிக்க அவர் முனைந்திருக்கமாட்டார். அவை பயின்று பெறக்கூடிய பண்புகள்.

இப்பண்பு கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இளைஞரிடம் சிறந்து விளங்கியது. அவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய கணிதத் திறமை உலகறிந்தது. அவர் பெரியோர்முன் நின்ற விதமோ அவ்வளவாகக் கவனிக்கப்படாதது.

1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனின் தந்தை, துணிக்கடை ஒன்றில் கணக்கராகப் பணியாற்றியவர். பள்ளியில் பரிசுகள் பல பெற்ற மகன், கல்லூரியில் தடுமாறினார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெற இயலவில்லை. 1910ஆம் ஆண்டில் அவருக்கு வயது 22. திருமணமாகியிருந்தது, பட்டம் இல்லை, வேலை இல்லை, வறுமை மட்டும் இருந்தது. உலகம் ஒருவரை அளக்கப் பயன்படுத்தும் அளவுகோல்கள் எல்லாவற்றிலும் அவர் தோற்றிருந்தார். அவரிடம் எஞ்சியிருந்தவை, ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த கணிதக் குறிப்பேடுகள்.

அவற்றை எடுத்துக்கொண்டு அவர் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்குத் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகம் தோன்றக் காரணமானவர். இராமானுஜன் அவரிடம் வேண்டியது ஓர் எழுத்தர் வேலை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர், இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைநிலைப் பணியில் முடக்கிவிடக் கூடாது என்று எண்ணினார். பரிந்துரைக் கடிதங்கள் தந்து, சென்னையிலிருந்த கணித அறிஞர்களிடம் அவரை அனுப்பினார்.

அந்த வழி, நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இரா. இராமச்சந்திர ராவிடம் இராமானுஜனைக் கொண்டுசேர்த்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் மாவட்ட ஆட்சியர் என்பவர் அம்மாவட்டத்திற்கு ஏறத்தாழ அரசர். அவர்முன் வந்து நின்ற இளைஞரோ முகம் மழிக்காதவர், எளிய தோற்றத்தினர், கக்கத்தில் நைந்துபோன ஒரு குறிப்பேட்டை இடுக்கியிருந்தார். ஒளி மிகுந்த கண்கள் மட்டுமே அவரிடம் எடுப்பாகத் தெரிந்தன. இவற்றைப் பிற்காலத்தில் பதிவுசெய்தவர் இராமச்சந்திர ராவே. அவரும் கணிதம் அறிந்தவர். எனினும் இராமானுஜன் காட்டியவை அவருக்கு விளங்கவில்லை; அவை மெய்யா, வெறும் பிதற்றலா என்று முடிவு செய்யவும் இயலவில்லை. மற்றொரு நாள் வருமாறு சொல்லி அனுப்பினார்.

இந்த இடத்தில்தான் ஒருவரின் உள்ளுறுதி வெளிப்படுகிறது. அஞ்சுபவர் மீண்டும் வந்திருக்கமாட்டார். செருக்குடையவர் ‘இவருக்கு என்ன தெரியும்’ என்று எண்ணி ஒதுங்கியிருப்பார். இராமானுஜன் மீண்டும் வந்தார். ஆட்சியருக்குத் தம் கணக்குகள் எட்டவில்லை என்பதை உணர்ந்து, முதலில் எளிய முடிவுகள் சிலவற்றைக் காட்டினார். பிறகு படிப்படியாகக் கடினமானவற்றிற்கு அழைத்துச் சென்றார். அவர் கவனம் முழுவதும், கண்டறிந்த உண்மையை எதிரில் இருப்பவர் காணவேண்டும் என்பதிலேயே இருந்தது. தம் உடை எவ்வாறு இருக்கிறது, ஆட்சியர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கவலைப்பட அக்கவனத்தில் இடமில்லை. அந்த நேரத்தில் ஆட்சியரும் ஆட்சியராக இல்லை. கற்றுக்கொள்ளும் ஒருவராக அமர்ந்திருந்தார்.

இறுதியில் ஐயம் நீங்கிய இராமச்சந்திர ராவ், என்ன வேண்டும் என்று கேட்டார். ஆய்வைத் தொடர்வதற்கு, உயிர் வாழப் போதுமான சிறு தொகை வேண்டும் என்பதே விடை. தம் தேவை எது என்பதில் தெளிவுடையவர்க்கே இவ்வளவு சுருக்கமாகப் பேச இயலும்.

ஆட்சியர் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். ஆயினும், நெடுங்காலம் ஒருவரைச் சார்ந்து வாழ இராமானுஜன் விரும்பவில்லை. 1912ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். உதவியை நன்றியோடு பெறுவதும், இயன்றபோது தம் காலில் நிற்பதும் அவரிடம் முரண்பாடின்றி இணைந்திருந்தன.

துறைமுக எழுத்தராக இருந்துகொண்டே இங்கிலாந்தின் பெரும் கணித அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவரிடமிருந்து அவர் எதிர்பார்த்த ஆதரவு கிட்டவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், ஜி. எச். ஹார்டிக்கு எழுதினார். அக்கடிதத்தின் அமைப்பு உற்றுநோக்கத்தக்கது. ஆண்டுக்கு 20 பவுண்டு மட்டுமே ஊதியம் பெறும் எழுத்தர், பல்கலைக்கழகக் கல்வி இல்லாதவர், ஏழை ஆகிய உண்மைகளை அவர் மறைக்கவில்லை. பிறர் குறையெனக் கருதுபவற்றை வெளிப்படையாகச் சொன்னார். தொடர்ந்து, தாம் கண்டறிந்த தேற்றங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினார். தம்மைப் பற்றிய புகழுரைகளைத் தேற்றங்களின் பொறுப்பில் விட்டுவிட்டார். ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அவற்றை ஆராய்ந்து வியந்தனர். ஹார்டியின் ஊக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகைக்கு வழிவகுத்தது. 1914ஆம் ஆண்டு மார்ச் மாதம் இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் ஹார்டி வழிகாட்டி. இராமானுஜன் கற்க வந்தவர். முறையான நிறுவல்களின் இன்றியமையாமையை ஹார்டி அவருக்கு உணர்த்தினார். இராமானுஜன் அவற்றை விரும்பிக் கற்றார். மறுபுறம், இராமானுஜனின் தன்னம்பிக்கை குலையாதவாறு கற்பிக்க வேண்டுமே என்று ஹார்டி கவலை கொண்டார். இராமானுஜன் தம்மிடம் கற்றதைவிடத் தாம் அவரிடம் கற்றதே மிகுதி என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இராமானுஜன் நோயுற்றிருந்தபோது நடந்த ஓர் உரையாடல் பலரும் அறிந்ததே. அவரைக் காண வந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் கூறினார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்றார். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729 கிடைக்கும். இந்நிகழ்வு அவருடைய நினைவாற்றலுக்குச் சான்றாகவே பெரிதும் கூறப்படுகிறது. இதில் மற்றொரு செய்தியும் உண்டு. தமக்கு வாழ்வளித்த பேரறிஞர், நலம் கேட்க வந்த இடத்தில் சொன்ன ஒரு சிறு கருத்தை ஆமோதித்துவிட்டுப் போவது எளிது. நன்றியுடையவர் மறுத்துப் பேசலாகாது என்று அவர் எண்ணவில்லை. உண்மையைச் சொல்வது அவருடைய நன்றிக்கு இழுக்காகவும் அமையவில்லை.

இவற்றைக் கொண்டு, அவர் துன்பமே தீண்டாத கல்மனம் கொண்டவர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. போர்க்காலத்து இங்கிலாந்தின் குளிரும், பழகிய உணவின்மையும், தனிமையும், நோயும் அவரைக் கடுமையாக வருத்தின. நிமிர்ந்து நிற்பவரும் தளர்வதுண்டு. அவரைத் தாங்க நண்பர்களும் மருத்துவர்களும் வேண்டும்.

1918ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியும் அவருக்கு ஆய்வுறுப்பினர் தகுதி அளித்தது. சென்னைப் பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்க முன்வந்தது. இப்போது அவரே பெரியோர் வரிசையில் இருந்தார். 1919ஆம் ஆண்டு ஜனவரியில் பல்கலைக்கழகத்திற்கு எழுதிய விடையில், அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றார். பெற்றோருக்கு ஆண்டுதோறும் 50 பவுண்டு அளித்து, தம் செலவு போக எஞ்சியதை ஏழை மாணவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்துமாறு வேண்டினார். வறுமையில் தம்மைச் சிறுமையாக எண்ணாதவர், புகழில் தம்மைப் பெருமையாகவும் எண்ணவில்லை. ஓராண்டிற்குப் பின், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தம் 32ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இராமானுஜனின் அறிவு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆயினும், அவருடைய நிமிர்வுக்கு அடிப்படையாக இருந்தது எவரும் பெறக்கூடியது. செய்யும் செயலில் உழைத்து ஈட்டிய தேர்ச்சி, தேவை எது என்னும் தெளிவு, குறையை மறைக்காத நேர்மை ஆகிய மூன்றுமே அது. நன்கு கற்ற ஒரு பாடமோ, பழகிய ஒரு கைத்தொழிலோ, ஊருக்காகக் கேட்கவேண்டிய ஒரு நியாயமான கோரிக்கையோ ஒருவருக்கு அக்குறிப்பேடாக அமையலாம். கண் அதில் பதிந்திருக்கும்போது, எதிரே இருப்பவரின் நாற்காலி எவ்வளவு உயரமானது என்பது மறந்துபோகிறது.

இவ்வரலாற்றில் நாற்காலியில் அமர்ந்திருந்தோர்க்கும் ஒரு செய்தி உண்டு. அன்றைய துணை ஆட்சியரும் மாவட்ட ஆட்சியரும் இன்றும் நினைக்கப்படுவது, அவர்கள் வகித்த பதவிகளால் மட்டுமன்று. பட்டமும் பகட்டும் இல்லாத ஓர் இளைஞர் நீட்டிய குறிப்பேட்டை ஒதுக்கித் தள்ளாமல், அவர்கள் திறந்து பார்த்தார்கள். இன்று தயங்கி நிற்கும் மாணவர் நாளை அந்த நாற்காலிகளில் அமரக்கூடும். அப்போது தம்முன் நீட்டப்படும் நைந்த குறிப்பேட்டை அவரும் பொறுமையாகத் திறந்து பார்க்க வேண்டும்.