செவிக்கு எட்டும் எழுத்தோசை

ஓதக் கற்பிப்பவனுக்குச் செவியே முதற்கருவி. ஸீனும் ஸாதும் தமிழ்ச் செவிக்கு ஒன்றுபோல் ஒலிக்கும்; ஆனால் எழுத்து மாறினால் பொருள் மாறும். ஓரிக்கையில் என்னிடம் பயிலும் பிள்ளைகள் சிலர், காரிகளின் கிராஅத்தை இப்போது கம்பியில்லா இயர்பட்ஸில் கேட்டே பாடத்தை உறுதி செய்கின்றனர். ஆகவே அதன் ஒலித்தரம் எனக்கு வெறும் ஆடம்பரப் பேச்சன்று.

கடைக்காரர் ‘பேஸ்’ அதிகம் என்று புகழ்வார். அம்முழக்கத்தில் எழுத்துகளின் நுண்ணொலி அமிழ்ந்துவிடும். புளூடூத் ஒலியைச் சுருக்கியே அனுப்புகிறது. குறுந்தகட்டில் நொடிக்கு 1,411 கிலோபிட் என்றால், வழக்கமான எஸ்.பி.சி. முறையில் ஏறத்தாழ 328 வரைதான். ஆயினும் தனிக்குரலுக்கு அது போதும்.

குறை பெரும்பாலும் பொருத்தத்தில் உள்ளது. ரப்பர் முனை செவித்துளைக்கு அளவாக அமையாவிடில் தாழ்ந்த ஒலி கசிந்துவிடும். உத்திரமேரூர்ப் பேருந்தின் இரைச்சலும் உட்புகும். உடனே கை ஒலியைக் கூட்டும். ஆபத்து அங்கேதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்க்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரமே வரம்பு என்கிறது. 90 ஆனால் 4 மணி நேரமே. சிறுவர்க்கு வரம்பு 75 டெசிபல். செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் மங்குவன, எழுத்துகளைத் தெளிவாக்கும் உயர்ந்த ஒலிகளே.

பெற்றோர்களே, வாங்குமுன் ‘அந்நாஸ்’ சூராவைத் தாழ்ந்த ஒலியில் கேளுங்கள். அதில் ஸீனும் உண்டு, ஸாதும் உண்டு. இரண்டும் தனித்தனியே விளங்கினால், உங்கள் பிள்ளைக்கு அக்கருவி போதும்.