நைல் நதியில் நான்கு நாள்கள்

ஏரோதின் வாளுக்குத் தப்பி, பாலனாம் இயேசுவை ஏந்திக்கொண்டு தேவதாயும் புனித சூசையப்பரும் அடைக்கலம் புகுந்த நாடு எகிப்து. வனத்து அந்தோனியாரை நமக்குத் தந்த நாடும் அதுவே. அம்மண்ணை மிதிக்க வேண்டும் என்பது நமது நெடுநாளைய ஆவல். நம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு அவ்வாவல் அண்மையில் நிறைவேறிற்று.

பழைய கெய்ரோவில் செர்ஜியுஸ், பாக்குஸ் என்னும் வேதசாட்சிகளின் பெயரால் விளங்கும் பழம்பெரும் ஆலயம் ஒன்று உண்டு. அதன் அடியிலுள்ள நிலவறையில் திருக்குடும்பம் தங்கிற்று என்பது அந்நாட்டுக் கிறிஸ்தவர்களின் மரபு. அதன் அருகில் நின்று செபமாலை சொன்னோம். பலருடைய கண்கள் கலங்கின.

அங்கிருந்து தெற்கே லக்சர் நகரை அடைந்து, நைல் நதியில் கப்பலேறினோம். அசுவான் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம். நைல் தெற்கிலிருந்து வடக்கே பாய்வதால், நமது பயணம் நீரோட்டத்தை எதிர்த்தே சென்றது. வழி நெடுகிலும் பழங்காலக் கோயில்களைக் காண ஏற்பாடாகியிருந்தது. இங்கேதான் சிக்கல் தோன்றிற்று. நம்மோடு வந்திருந்த மூதாட்டி ஒருவர் கப்பலை விட்டு இறங்கவே தயங்கினார்.

“சாமி, வேதக்காரங்க நாம இந்தக் கோயிலுக்கெல்லாம் போகலாமா? பாவமில்லையா?”

புனித பவுல் ஏத்தென்சு நகரின் வழிபாட்டிடங்களைச் சுற்றிப் பார்த்த பின்னரே அம்மக்களிடம் பேசினார் என்பதை நினைவூட்டினோம். மோசே எகிப்தியரின் கலைகளையெல்லாம் கற்றவர் என்பதையும் சொன்னோம். அரைமனதோடு உடன் வந்தார்.

கர்னாக் கோயிலின் ஒரு மண்டபத்தில் மட்டும் 134 தூண்கள்! நடுவிலுள்ள பன்னிரண்டும் ஏறத்தாழ 70 அடி உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. மறுநாள் எட்ஃபு. கி.மு. 237இல் தொடங்கிய அக்கோயிலின் வேலை கி.மு. 57இல்தான் முடிவுற்றதாம். பெத்லகேமில் பாலன் பிறப்பதற்கு அரை நூற்றாண்டே இருந்தது.

ஆற்றின் காட்சியோ வேறு. கரையில் பேரீச்சையும் கரும்பும் பசுமையாய் நிற்க, அதற்கப்பால் உடனே பாலைவனம் தொடங்கிவிடுகிறது. எஸ்னா என்னுமிடத்தில் மதகுக் கதவுகளுக்கிடையே கப்பலை நிறுத்தி, நீரை நிரப்பி மேலே உயர்த்துகிறார்கள். அப்போது சிறு படகுகளில் வரும் வணிகர்கள் துணிகளைச் சுருட்டி மேல்தளத்திற்கு எறிந்து விலை பேசுவது வேடிக்கை! காலைதோறும் கப்பலிலேயே திருப்பலி நிறைவேற்றினோம்.

இறுதியாக, அசுவான் அருகிலுள்ள ஃபிலே கோயில். ஈசிஸ் என்னும் தேவதைக்கு எழுப்பப்பட்டது. அணைகளால் ஆற்று நீரில் மூழ்கிய அக்கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, பக்கத்துத் தீவொன்றில் மீண்டும் நிறுவி, 1980இல் பணியை முடித்தார்கள். படகில்தான் செல்ல வேண்டும்.

மண்டபத்துள் நுழைந்ததும் நம்மவர்கள் வியந்து நின்றனர். தூண்களில் சிலுவைகள்! ஆறாம் நூற்றாண்டில் யுஸ்தீனியான் பேரரசர் இக்கோயிலை மூடச் செய்தார். தெயதோர் என்னும் ஆயர் அதன் ஒரு பகுதியைப் புனித ஸ்தேவான் ஆலயமாக மாற்றினார். சிலுவைகளைக் கண்டு அனைவரும் மகிழ்ந்தனர். மூதாட்டி மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே செதுக்கியிருந்த உருவங்களின் முகங்களும் கைகளும் வரிசை வரிசையாகக் கொத்திச் சிதைக்கப்பட்டிருந்தன.

“இதை யாரு கொத்தினது சாமி?”

வழிகாட்டியாய் வந்த இளைஞர் கோப்துக் கிறிஸ்தவர். மணிக்கட்டில் சிலுவை பச்சை குத்தியிருந்தார். நாம் கேள்வியை மொழிபெயர்க்க, அவர் தயங்காமல், “எங்கள் முன்னோர்களாகிய கிறிஸ்தவர்கள்தாம்” என்றார்.

மூதாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “மாதாவும் சூசையப்பரும் கைக்குழந்தையோட வந்தப்போ, தண்ணி கொடுத்தவங்களும் இதைக் கும்பிட்டவங்களாத்தானே இருந்திருப்பாங்க?”

நமக்கு மறுமொழி எழவில்லை. நூல்களில் படித்த விடைகள் ஒன்றும் அவ்வேளையில் உதவவில்லை. பிறர் வழிபாட்டைப் பற்றிப் பிரசங்க மேடையிலிருந்து நாமே எளிதாகப் பேசிவிட்ட நாள்கள் நினைவுக்கு வந்தன, வெட்கினோம். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவை எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. அதை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அந்தச் சுவரின் முன்தான் அது நெஞ்சில் இறங்கிற்று.

இளைஞர் இன்னொன்றும் காட்டினார். பண்டை எகிப்தியரின் சித்திர எழுத்துகளில் நாள் குறிக்கப்பட்ட கடைசிக் கல்வெட்டு அங்கேதான் உள்ளது, ஆண்டு கி.பி. 394. அதன்பின் அவ்வெழுத்தை வாசிப்பார் இல்லாமல் போயிற்று. 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் அதன் மறைபொருளை அவிழ்த்தார். அவருக்குப் பெருந்துணையாய் இருந்தது கோப்து மொழியறிவு. பண்டை எகிப்து மொழியின் வழிவந்த அம்மொழி, பேச்சு வழக்கு ஒழிந்த பின்னும் ஆலய வழிபாட்டில் உயிரோடு இருந்தது. முன்னோர் சிலர் உளியால் முகங்களைச் சிதைத்தனர். அவர்களின் வழித்தோன்றல்களோ, தம்மை அறியாமலே, செபத்தின் வாயிலாக அம்முன்னோரின் மொழியைக் காத்துத் தந்தனர்!

அன்று மாலை கப்பலில் திருப்பலி. விசுவாசிகள் மன்றாட்டின்போது மூதாட்டி தாமாகவே எழுந்து, “மாதாவுக்கு இடங்கொடுத்தவங்களுக்காக” என்று மன்றாடினார். அனைவரும் உரக்க மறுமொழி சொன்னோம்.

அன்புள்ள பெற்றோரே, நம் தெருவிலும் பிற சமயத்தார் வாழ்கின்றனர். அவர்களின் கோயிலும் பள்ளிவாசலும் உள்ளன. உங்கள் பிள்ளைகளுக்கு விசுவாசத்தில் உறுதியைக் கற்பியுங்கள். அதனோடு, அண்டை வீட்டார் வணங்குவதை இகழாத நாவையும் கற்பியுங்கள். நம் ஆண்டவர் கைக்குழந்தையாய் இருந்தபோது அந்நியர் நாட்டில்தான் உயிர் பிழைத்தார்.