கட்டில் கணக்கு

நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் ஒரு சிக்கல் உண்டு. அப்பா ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். "வர்ற பணத்துல சிதம்பரத்துல ஒரு வீடு வாங்கிடலாம்" என்றார் அப்பா. "வாங்கி, கட்டில் கட்டிலா வாடகைக்கு விடலாம்பா" என்றேன்.

சிரிக்காதீர்கள். 1909ல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர், மாணவர்களோடு நடைப்பயணம் போய் மழையில் மாட்டி, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். அங்கே பிறந்த யோசனைதான் 1912ல் ஆல்டெனா கோட்டையில் இளைஞர் விடுதியானது. 2013ல் ஜோத்பூரில் தொடங்கிய ஜோஸ்டலும் இதே வழிதான். அறைக்கு அல்ல, கட்டிலுக்கு வாடகை.

பி.காம். மூளை சும்மா இருக்குமா? மாதச் செலவு ரூ.45,000 என்று வைத்துக்கொள்வோம். 10 கட்டில், தலைக்கு ரூ.300. தினமும் பாதி நிரம்பினாலே நஷ்டமில்லை. ஆனால் நடராஜர் கோயிலும் பிச்சாவரமும் பார்க்க வருகிறவர்கள் அன்றைக்கே புதுச்சேரிக்குப் பஸ் ஏறிவிட்டால்?

நோட்டைப் பார்த்த அப்பா ஒன்றுதான் கேட்டார்: "இதுல நாம படுக்க எத்தனை கட்டில்டா?"

அதை நான் எழுதவே இல்லை. மூன்றைக் கழித்தேன். இப்போது ஏழில் ஐந்து நிரம்ப வேண்டும்.