கவசம் இல்லாதவனுக்கு ஒன்பது

அந்தக் காலத்துத் தாயக்கட்டைகளில் இலக்கங்கள் வெறும் பள்ளமாகத்தான் இருக்கும். பெட்டிக்குள் கட்டைகளோடு ஒரு மெழுகுக் குச்சியும் வரும். குச்சியைக் கட்டையின் முகத்தின் மேல் அழுத்தித் தேய்த்து, மேலே படிந்ததைத் துணியால் துடைத்துவிட்டால், பள்ளத்துக்குள் தங்கிய மெழுகு இலக்கமாகத் தெரியும். நாலு முகம், ஆறு முகம், எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது. இன்றைக்குக் கடையில் விற்கும் கட்டைகள் பொன் இலக்கமும் மினுமினுப்புமாகக் கண்ணைப் பறிக்கின்றன. 80களில் லண்டனில் வளர்ந்த என்னைப் போன்ற பெடியங்களுக்கோ, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றதும் நகக்கண்ணில் ஏறிய அந்த மெழுகுதான் முதலில் நினைவுக்கு வரும்.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 1974இல் வெளியிட்ட விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார். குகை, கோட்டை, அரக்கர் எல்லாம் அவர் கையில். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, தாங்கள் செய்வதை வாயால் சொல்வார்கள். வாள் பட்டதா, பொறி வெடித்ததா என்பதைக் கட்டை முடிவு செய்யும். வென்றவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. பென்சிலும் தாளும் ஒரு மேசையும் போதும். ஆனால் மேசையைச் சுற்றி ஆட்கள் வேண்டும். சிக்கலே அங்கேதான்.

83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இங்கிலாந்துக்கு அந்த விளையாட்டு எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜோன் பீக் என்ற மூன்று நண்பர்கள் 1975இல் கேம்ஸ் வொர்க்‌ஷொப்பைத் தொடங்கி அதை இறக்குமதி செய்தார்கள். 1978இல் ஹமர்ஸ்மித்தில் கடையும் திறந்தார்கள். அவர்களில் இருவர் 1982இல் எழுதிய ‘த வார்லொக் ஒஃப் ஃபயர்டொப் மவுண்டன்’ என்ற புத்தகம் பள்ளி நூலகத்தில் என் கையில் அகப்பட்டது. நானூறு இலக்கமிட்ட பத்திகள். இடப்பக்கம் திரும்பினால் இந்தப் பத்திக்குப் போ, வலப்பக்கம் என்றால் அந்தப் பத்திக்குப் போ என்று அதுவே வழி காட்டும். வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்பட்ட எனக்கு, என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆங்கிலம் அதுதான்.

பிறகு சிவப்புப் பெட்டி வந்தது. 1983இல் ஃபிராங்க் மென்ட்சர் திருத்தி எழுதிய தொடக்கநிலைப் பதிப்பு. மேலட்டையில் ஒரு வீரன், எதிரே வாய் பிளந்த சிவப்பு டிராகன். உள்ளே இருந்த முதல் புத்தகம் தனியே இருந்து வாசிப்பவனுக்கென்றே எழுதப்பட்டது. நீ ஒரு குகைக்குள் போகிறாய், அங்கே அலீனா என்ற பெண்ணைச் சந்திக்கிறாய், அவள் உனக்கு உதவுகிறாள், பிறகு பார்கிள் என்ற மந்திரவாதியால் கொல்லப்படுகிறாள். அவளுக்காக மனம் கனத்து நிமிரும்போது அரைவாசி விதிகள் தலைக்குள் ஏறியிருக்கும். அந்தப் பெட்டி யாரையும் சோதிக்கவில்லை. நீ யார், எங்கிருந்து வந்தாய், ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்கவில்லை.

பள்ளியில் மதிய இடைவேளையில் கூடிய மேசை கேட்டது.

அவர்களிடம் இருந்தவை தடித்த அட்டைப் புத்தகங்கள்; ‘அட்வான்ஸ்ட்’ பதிப்பு. ஒரு நெட்டையன், முகத்தில் பருக்கள், கழுத்தில் சுருக்கிய டை. என்ன பாத்திரம் என்று கேட்டான். எல்ஃப் என்றேன். “எல்ஃப் சரி, என்ன வகுப்பு?” என்றான். சிவப்புப் பெட்டியில் எல்ஃப் என்பதே ஒரு வகுப்பு. அவர்களுடைய புத்தகத்தில் எல்ஃப் போன்ற இனம் வேறு, வீரன், மந்திரவாதி போன்ற வகுப்பு வேறு. எனக்கு விளங்கவில்லை. அடுத்த கேள்வி, ஒருவன் மேல் அடி படுவது எவ்வளவு எளிது என்று காட்டும் எண்ணைப் பற்றியது: கவசம் இல்லாதவனுடைய காப்பு இலக்கம் எத்தனை? ஒன்பது என்றேன். மேசை முழுவதும் சிரித்தது. என் பெட்டியில் ஒன்பதுதான். அவர்களுடைய புத்தகத்தில் பத்து. “அது சின்னப்பிள்ளைகளுடையது” என்று ஒருத்தன் சொல்ல, கட்டைகள் மறுபடி உருளத் தொடங்கின. இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. மணி அடிக்கும் மட்டும் நின்றேன்.

ஊரில் 304 சீட்டு விளையாடும் பெரியவர்களுக்குப் பின்னால் சின்னப் பெடியங்கள் இப்படித்தான் மணிக்கணக்காக நிற்பார்கள். ஒருவரும் சொல்லித்தர மாட்டார்கள், துரும்பு எதுவென்று வாய் தவறிச் சொன்னால் குட்டு விழும். ஆனாலும் கை குறைகிற நாளில் “டேய், வந்து இரு” என்பார்கள். இந்த மேசையில் கை குறையவே இல்லை.

அந்தப் பெடியங்களை இன்று நினைத்தால் கோபம் வருவதில்லை. உதைபந்தாட்டத்தில் கடைசியாகத் தெரிவாகிறவர்கள், திக்குவாய்க்காரன், மைதானத்தில் அடிபட்டு மூக்குக்கண்ணாடிக்கு ஒட்டுப் போட்டவன். பள்ளி முழுவதிலும் அவர்களுடையது என்று சொல்ல அந்த ஒரு மேசைதான் இருந்தது. வாசலில் காவல் நிற்கும் பழக்கத்தை அவர்களாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. 1979இல் வந்த நடத்துனர் கைநூலின் முன்னுரையில், நடத்துனர் அல்லாத ஆட்டக்காரன் இந்தப் புத்தகத்தை வைத்திருந்தால் அவன் கௌரவமான சாவுக்கும் தகுதியற்றவன் என்கிற பொருளில் கைகாக்ஸ் எழுதியிருந்தார். பகிடிதான். பதின்மூன்று வயதில் அதைப் பகிடியாக யார் வாசிப்பார்கள்?

எனக்கு இடம் கிடைத்தது வேறொரு மேசையில். நூலகத்துக்குப் பின்னால் ஒரு சமூக மண்டபம், சனிக்கிழமைப் பின்னேரங்கள். நடத்தியவர் ஓர் ஐரிஷ்காரர், தபால்காரர். விடியற்காலையிலேயே கடிதங்களைக் கொடுத்து முடித்துவிட்டு, சீருடைக் காற்சட்டையோடே வந்து இருப்பார். நான் கதவடியில் தயங்கி நின்றபோது ஒரு வெற்றுத் தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். என்ன வாசித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை.

“குகை வாசல். உள்ளேயிருந்து எண்ணெய் எரிகிற மணம் வருகிறது. முன்னால் நிற்பவன் நீ. என்ன செய்கிறாய்?”

ஒரு கல்லை உள்ளே எறிந்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறேன் என்றேன். அவர் மறைப்பு அட்டைக்குப் பின்னால் கட்டையை உருட்டினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கதைப்பதை நிறுத்திவிட்டார்கள்” என்றார். பக்கத்தில் இருந்தவன் தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டான். கோப்ளின் பாய்ந்த பிறகுதான் காப்பு இலக்கத்தின் பேச்சே வந்தது. இங்கே பத்து, உன் பெட்டியில் ஒன்பதா, கோப்ளினுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். விதி தேவைப்பட்ட இடத்தில் விதியைச் சொல்வார். அதற்கு முதல் ஒரு சொல் சொல்லமாட்டார். உனக்கு என்ன தெரியும் என்ற கேள்விக்குப் பிழையான விடை உண்டு. என்ன செய்கிறாய் என்பதற்கு இல்லை.

அதே மேசைக்கு ஒருநாள் யாரோ ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகொட்ஸ்’ புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். 1980இல் வந்தது. கிரேக்கம், நோர்ஸ், எகிப்து என்று உலகத்துக் கடவுளர்களை எல்லாம் இலக்கம் போட்டு அடுக்கிய புத்தகம். இந்தியப் பகுதியில் இந்திரன், அக்கினி, காளி, லட்சுமி, விஷ்ணு, யமன். நடுவில் கார்த்திகேயன். எங்கள் நல்லூர் முருகனுக்குக் காப்பு இலக்கம் உண்டு, எத்தனை அடி தாங்குவான் என்ற கணக்கும் உண்டு. சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. அவர்கள் அந்தப் பெயரை ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்பினார்கள்.

அந்த மேசையில் முதல் தடவையாகச் சாவி என் கையில். உங்களுக்கு இது விளங்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தபால்காரர் என்னைப் பார்த்து, “உனக்குத் தெரிந்தவரா?” என்றார். சூரன் கதையைச் சொன்னேன். மாமரமாக நின்றதையும், வேல் பட்டு அது பிளந்ததையும், ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் ஆனதையும் எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. “மரமாக நிற்கிறபோது அவனுக்குக் காப்பு இலக்கம் என்ன?” என்று ஒருத்தன் மெய்யாகவே கேட்டான். அதற்குப் பிறகு வந்த ஆட்டம் ஒன்றில் பாதாளத்தின் அடியில் ஒரு மாமரம் நின்றது.

வீட்டில் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. இரவல் வாங்கி வந்த ஆட்டக்காரர் கைநூலின் மேலட்டையைப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டா. டேவிட் டிராம்பியர் வரைந்த படம்; பெரிய சிலையொன்றின் மேல் இரண்டு கள்வர் ஏறி நின்று, அதன் கண்ணாகப் பதித்த இரத்தினத்தைத் தோண்டுகிறார்கள். “சாமியின்ரை கண்ணைத் தோண்டுறாங்கள். உதை ஏன்ரா வீட்டுக்குள்ள கொண்டு வந்தனி?” அமெரிக்காவில் அப்போது இந்த விளையாட்டைப் பேய் வழிபாடு என்று சொல்லித் தடுக்கக் கிளம்பியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மாவின் முறைப்பாடு பேயைப் பற்றியதல்ல, கோயில் களவைப் பற்றியது. அது நியாயமானதும்கூட.

அந்தப் புத்தகத்தை அக்காவும் எடுத்து வாசித்தாள். என்னைவிட வேகமாக வாசிப்பவள். பலத்துக்கான அட்டவணையில் மனித ஆணுக்கு உச்ச வரம்பு 18/00 என்றும் மனிதப் பெண்ணுக்கு 18/50 என்றும் போட்டிருந்ததை விரலால் காட்டினாள். “டிராகன் இருக்கலாமாம், பலமான பொம்பிளை இருக்கக் கூடாதாமோ?” என்றாள். ஆனாலும் ஒருமுறை பள்ளி மேசைக்கு வந்தாள். யாருடைய தமக்கை, ஏன் வந்தாள் என்ற பார்வை மேசையைச் சுற்றி ஓடியது. கட்டை அவள் கைக்கு வரவே இல்லை. பிறகு அவள் வரவில்லை. லொஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் என்ற பெண் 1975இலேயே இந்த விளையாட்டுக்கென்று ஒரு சிற்றிதழ் தொடங்கி, பல பத்தாண்டுகள் நடத்தினார். அதை அன்றைக்கு எங்கள் இருவருக்கும் சொல்ல ஆள் இல்லை. பெண்ணின் பலத்துக்குப் போட்ட அந்த வரம்பை 1989இன் இரண்டாம் பதிப்பு எடுத்துவிட்டது.

இப்போது அந்த மேசைகள் ஒன்றும் இல்லை. நெட்டையனும் கூட்டாளிகளும் பல்கலைக்கழகம் போனதோடு பள்ளி மேசை முடிந்தது. பின்னால் வர ஒருத்தரையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை. தபால்காரரின் மேசை ஆள் மாறி ஆள் மாறிக் கனகாலம் ஓடியது. விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆர் நிறுவனம் 1997இல் கை மாறியது. கைகாக்ஸ் 2008இலும் ஆர்னெசன் 2009இலும் காலமானார்கள். காப்பு இலக்கம் குறையக் குறைய நல்லது என்ற தலைகீழ்க் கணக்கை 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு நிமிர்த்திவிட்டது. இன்றைக்குப் பிள்ளைகள் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டும் கிரிட்டிக்கல் ரோல் என்ற இணையத் தொடரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே எது வேண்டாம், எதற்குப் பயம் என்று கதைத்துக்கொள்கிறார்கள்.

என் வயதுக்காரர்கள் கூடினால் பழைய மேசைகளைப் புகழ்வார்கள். அப்போது எல்லாரும் விதியைப் படித்துவிட்டு வந்தார்கள், இடம் கிடைக்கப் பாடுபட்டார்கள், அதனால்தான் அருமை தெரிந்தது என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. சொல்பவர்கள் எல்லாரும் கதிரை கிடைத்தவர்கள். வாசலில் நின்று திரும்பிப் போனவர்களுக்கு இதில் நனவிடை தோய ஒன்றும் இல்லை. அக்காவிடம் கேட்டால், “ஓ, உந்தக் கட்டை உருட்டுற விளையாட்டோ?” என்று கேட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாள்.