ஏஜென்ட் அம்மாவின் மழைக்காலம்

நவம்பர் 30, 2024, சனி

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடக்கிறது. திருவண்ணாமலையில் விடாத மழை. ரமணாசிரமத்தை ஒட்டிய தெருவில் கரண்ட் போய்விட்டது. கீழ்வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் அம்மா மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாடிக்கையாளர்களின் ரசீதுகளையும் பாண்டு நகல்களையும் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டிருந்தார். அரிசி டிரம்மைக் காலி செய்து, பைகளை அதற்குள் அடுக்கி மூடினார். அரிசி பழைய புடவை ஒன்றின் மேல் குவிந்து கிடந்தது.

"அரிசி நனைஞ்சா காயவெச்சுக்கலாம்" என்றார்.

டிசம்பர் 1, ஞாயிறு

சாயங்காலம் மலை சரிந்துவிட்டது. வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் வீட்டின் மேல் விழுந்திருக்கின்றன. உள்ளே ஏழு பேர் என்கிறார்கள்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஏழு பேரும் போய்விட்டார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள்.

மலையையே சிவனாகக் கும்பிடும் ஊர் இது. பதினான்கு கிலோமீட்டரும் செருப்பில்லாமல் சுற்றி வருவார்கள். அந்த மலை ஊரின் மேல் விழுந்ததை எப்படிப் பேசுவது என்று யாருக்கும் பிடிபடவில்லை. டீக்கடையில்கூடப் பேச்சு அடங்கிவிட்டது.

இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்திருக்கிறது. சாத்தனூர் அணையிலிருந்து திங்கள் அதிகாலையில் வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் முழுகிக் கிடக்கின்றன.

ஏஜென்ட் அம்மா இன்று காலை முழங்கால் தண்ணீரில் தெருத்தெருவாக நடந்தார். நனைந்த பைக்கை யாராவது உதைக்கப் போனால் தூரத்திலிருந்தே, "ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி! போட்டோ எடுத்துட்டு அப்படியே விடுங்க!" என்று சத்தம். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஓட்டப் பார்த்தால் உள்ளே எல்லாம் வளைந்துவிடும். பிறகு வருகிற சர்வேயர் அதை வெள்ளச் சேதம் என்று எழுதாமல் வண்டிக்காரர் செய்த சேதம் என்று எழுத இடமுண்டு. அதுவும் முழு பாலிசி போட்டவர்களுக்குத்தான். பாதிப் பேர் வைத்திருப்பது மூன்றாம் நபர் பாலிசி. தண்ணீருக்கு அதில் ஒரு பைசாவும் வராது. அந்த வண்டிகளில் ஒன்றுக்குக்கூட அவர் மூலம் போட்ட பாலிசி இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

தீபாவளிக்கு முந்தின வாரம் இறந்துபோன டீக்கடைக்காரரின் மனைவி வந்திருந்தார். செங்கம் சாலையில் தள்ளுவண்டி போட்டிருந்தவர் கணவர். வயது நாற்பத்தாறு. விடியற்காலையில் பால் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒன்பதாவது படிக்கிற பெண், ஆறாவது படிக்கிற பையன்.

அந்த அம்மாள் ஒரு மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, வண்டிக் கடன் அட்டை, கல்யாணப் பத்திரிகை, நடுவில் ஒரு பாலிசி பாண்டு. 2022 ஆனி மாதம் வேறொரு ஏஜென்ட் மூலம் போட்டது. அந்த ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை.

"ஆபீசுல சொல்லி ஏதாச்சும் பார்த்துக் குடுக்கச் சொல்லுங்கக்கா. புண்ணியமாப் போவும்."

"புண்ணியமும் வேணாம் ஒண்ணும் வேணாம். உன் வீட்டுக்காரர் கட்டின காசும்மா இது. நீ யார்கிட்டயும் கையேந்த வேணாம்."

அவர் கொஞ்சம் அதட்டித்தான் சொன்னார். ஆனால் கவிழ்ந்திருந்த அந்த அம்மாளின் தலை அப்போதுதான் நிமிர்ந்தது. அரசு தருகிற நிவாரணம் பெரிய உதவி, சந்தேகமில்லை. கிளெய்ம் வேறு மாதிரி. இறந்தவர் தன் கையால் முன்கூட்டியே எடுத்துவைத்த பணம் அது, கேட்டு வாங்க அவர் வீட்டுக்கு முழு உரிமை இருக்கிறது. இதைப் புரியவைக்க ஏஜென்ட் அம்மா அரை மணி நேரம் செலவழித்தார். இந்த வேலைக்குக் கமிஷன் கிடையாது. பிரீமியம் கட்டினால்தான் கமிஷன், இறந்தவர் இனிமேல் கட்டப்போவதில்லை.

பிறகு பேங்க் பாஸ்புக்கை விரித்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வரி வரியாக விரலை இறக்கினார். பால் சொசைட்டி, கேஸ் மானியம், குழுக் கடன். மே மாதக் கடைசியில் விரல் நின்றது. 436 ரூபாய் பிடித்தம்.

அது பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம். 2015 மே மாதம் தொடங்கியது. பதினெட்டிலிருந்து ஐம்பது வயதுக்குள் பேங்க் கணக்குள்ளவர்கள் சேரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். முதலில் வருஷத்துக்கு 330 ரூபாய், 2022 ஜூனிலிருந்து 436. யாரோ ஒரு பேங்க் ஊழியர் கவுண்டரில் கையெழுத்து வாங்கிச் சேர்த்திருக்கிறார், டீக்கடைக்காரர் வீட்டில் சொல்லவில்லை. மே மாதக் கடைசியில் கணக்கில் பணமில்லாமல் போயிருந்தால் அதுவும் விட்டுப்போயிருக்கும். டீ விற்ற காசு அன்றைக்கு இருந்திருக்கிறது.

"இதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேக்கா" என்று அந்த அம்மாள் அழுதார். சாவு நடந்து இத்தனை நாளில் இப்போதுதான் அழுகிறார் என்று கூட வந்த நாத்தனார் சொன்னார்.

டிசம்பர் 6, வெள்ளி

தெருவில் எல்லார் வீட்டுப் பாஸ்புக்கும் ஏஜென்ட் அம்மா வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆசிரமத்தில் கூட்டம் குறைவு. ஏஜென்ட் அம்மா வாரத்துக்கு ஒருமுறை வந்து சமாதி மண்டபத்தைச் சுற்றிவிட்டு, ரமணரின் படங்கள் மாட்டியிருக்கும் சுவரருகே நிற்பார். மற்றவர்கள் அந்தக் கண்களைப் பார்த்து உருகுவார்கள். அவர் பேசுவது ரமணரின் தகப்பனாரைப் பற்றி.

திருச்சுழியில் வக்கீல் தொழில் செய்த சுந்தரம் ஐயர் 1892-ல் இறந்தார். பின்னாளில் ரமணரான வேங்கடராமனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சம்பாதித்தவர் போனதும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பையன்கள் இருவரும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். தாய் அழகம்மாள் சின்னப் பிள்ளைகளோடு மானாமதுரையில் இன்னொரு மைத்துனரை அண்டினார். நான்கு வருஷம் கழித்து வேங்கடராமன் ரயிலேறி இங்கே வந்துசேர்ந்தான். 1896 செப்டம்பர் 1. மகனோடு வந்து இருக்க அந்தத் தாய்க்கு 1916 வரை ஆயிற்று.

பக்தர்கள் இந்தக் கதையை ஞானத்தின் கதையாகப் படிப்பார்கள். அது சரிதான். ஏஜென்ட் அம்மா அதற்குள்ளே ஒரு விதவையின் கதையையும் படிக்கிறார். "ரெண்டு பசங்க ஒரு வீட்ல, ரெண்டு பசங்க ஒரு வீட்ல. அந்தம்மா எப்படித் தூங்கியிருப்பாங்க?" மண்டபத்தில் மற்றவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததால் இதை அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஊரில் தீபத் திருவிழா மகாரதம். ஏஜென்ட் அம்மா தேர் பார்க்கவில்லை, தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார். வெள்ளத்தில் கறவை மாடு செத்துப்போன வீடு. மாட்டு இன்சூரன்சில் காதில் போட்ட வில்லைதான் எல்லாம். அது இல்லையென்றால் கிளெய்ம் இல்லை. மாட்டைப் புதைப்பதற்கு முன்னால் கால்நடை டாக்டரும் பார்த்தாக வேண்டும். இவர் போவதற்குள் புதைத்துவிட்டார்கள். வில்லையையாவது அறுத்து வைத்தார்களா என்று கேட்டதற்கு அந்த வீட்டுப் பெரியவர், "செத்த மாட்டோட காத அறுக்கச் சொல்றியா தாயி?" என்று கேட்டிருக்கிறார்.

திரும்பி வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

மகாதீபம். பக்தர்கள் மலையேற இந்த வருஷம் அனுமதி இல்லை. ஆறு மணிக்கு உச்சியில் ஜோதி தெரிந்ததும் மொட்டைமாடியெல்லாம் "அரோகரா". வ.உ.சி. நகர்ப் பக்கமும் கைகள் மேலே போயின என்று பால்காரர் சொன்னார்.

டிசம்பர் 18, புதன்

டீக்கடைக்காரரின் பாலிசிக்குக் கம்பெனியிலிருந்து கடிதம். மூன்று வருஷத்துக்குள் நேர்ந்த மரணம் என்பதால் விசாரணை. விண்ணப்பத்தில் 'சர்க்கரை நோய் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று இருக்கிறது. மஞ்சள் பையில் இருந்த மருந்துச் சீட்டோ அதற்கும் முந்தைய தேதியில் எழுதிய சர்க்கரை மாத்திரைச் சீட்டு.

படிவத்தை நிரப்பியது அந்தப் பழைய ஏஜென்ட். எல்லாம் ஆங்கிலம். டீக்கடைக்காரர் கடைசிப் பக்கத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சர்க்கரை இருப்பதை அவர் சொன்னாராம், "அதெல்லாம் எழுதினா லேட்டாகும், விடுங்க" என்று ஏஜென்ட் சொன்னதாக மனைவிக்கு ஞாபகம். அதற்குச் சாட்சி யார்?

இரவு பதினொரு மணிக்கு ஏஜென்ட் அம்மா மேலே வந்து, இந்தக் குறிப்பை எழுதுபவரின் கதவைத் தட்டினார். கையில் 1938-ம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு. இருவருமாக அதை வார்த்தை வார்த்தையாகப் பிரித்தார்கள். மூன்று வருஷம் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் எதிர்க்க முடியாது. 2015 திருத்தம் தந்த பெரிய பாதுகாப்பு அது. மூன்று வருஷத்துக்குள் என்றால், மோசடி என்றோ முக்கியமான தகவலை மறைத்தது என்றோ கம்பெனி மறுக்கலாம், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மோசடி என்று சொல்லிவிட்டால், பாலிசிதாரர் உயிரோடு இல்லாதபோது, அது மோசடி இல்லை என்று நிரூபிக்கிற சுமை குடும்பத்தின் தலையில். இந்த இடத்தில் ஏஜென்ட் அம்மா புத்தகத்தை மூடிவிட்டார்.

பிறகு மறுபடி திறந்தார். அதே பிரிவின் விளக்கத்தில் ஒரு வரி: பாலிசிக்காகப் பேசி ஆள் பிடிக்கிறவர், அந்த ஒப்பந்தம் உருவாவதைப் பொறுத்தவரை கம்பெனியின் ஏஜென்டாகவே கருதப்படுவார். அப்படியென்றால் டீக்கடைக்காரர் வாயால் சொன்னது கம்பெனியின் காதிலேயே விழுந்த மாதிரிதான் என்று வாதாடலாம். ஜெயிக்குமா என்பது வேறு. அவர் பென்சிலால் அந்த வரிக்குக் கீழே அழுத்திக் கோடு போட்டார்.

டிசம்பர் 19, வியாழன்

"விட்டுட்டு ஆசிரமத்துல காய் நறுக்கப் போயிடலாமான்னு இருக்கு." காலையிலேயே இப்படித் தொடங்கினார். ரமணரே விடிவதற்கு முன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கியவர். ஆனால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்ட குடும்பஸ்தர்களில் பெரும்பாலோரை அவர் திருப்பித்தான் அனுப்பினார். ஏஜென்ட் அம்மாவுக்கும் இது தெரியும். பத்து மணிக்குப் பிராஞ்சுக்குக் கிளம்பிவிட்டார்.

டிசம்பர் 24, செவ்வாய்

மழை இல்லை. பிராக் நகரைப் பற்றி ஒரு நினைப்பு.

எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா 1908-லிருந்து 1922 வரை அங்கே தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். அதை அவர் எழுத்தைத் தின்ற வேலையாகவே சொல்வது வழக்கம். ஆனால் மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றி அவர் படங்களோடு எழுதிய அறிக்கை ஒன்று இருக்கிறது. சதுரத் தண்டில் கத்தி பொருத்திய இயந்திரத்தில் தண்டுக்கும் மேஜைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். விரல் அதற்குள் போய்விடும். தண்டை உருளையாக்கினால் இடைவெளி சுருங்கும், விரல் தப்பும் என்று வாதாடுகிறார். கைகால் போன தொழிலாளிகள் அலுவலகத்தை அடித்து நொறுக்காமல் மனு கொடுத்துக் கெஞ்சுகிறார்களே என்று அவர் வியந்ததை நண்பர் மாக்ஸ் பிராட் பதிவு செய்திருக்கிறார்.

நஷ்ட ஈட்டைவிட அந்த இடைவெளியைப் பற்றித்தான் அவருக்கு அதிகக் கவலை இருந்திருக்கிறது. ஏஜென்ட் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "விண்ணப்பத்துலயே சரியா எழுதியிருந்தா இன்னிக்கு இந்த அலைச்சலே இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் 30, திங்கள்

விசாரணை அதிகாரி வந்தார். சின்னப் பையன், மரியாதையாகப் பேசினான். பக்கத்துக் கடைகளில் விசாரித்தான், ஆஸ்பத்திரிச் சீட்டைப் படம் எடுத்தான். அந்த அம்மாளின் மாமியாருடைய வாக்குமூலத்துக்குக் கைநாட்டு. மை ஒட்டாமல் மூன்று முறை வைக்க வேண்டியிருந்தது. ஆயுசு முழுக்கப் பாத்திரம் தேய்த்த கட்டைவிரலில் ரேகையே இல்லை. கிழவி கூனிக் குறுகிப்போனார்.

ஏஜென்ட் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். 1938-ல் ஆசிரம நிர்வாகத்துக்காக ரமணர் உயில் எழுதினபோது, கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடுதான் கிழித்தார். பதிவாளரும் ஏற்றுக்கொண்டார். "பகவானே கோடுதான் போட்டாரு ஆயா. நீ கையை நல்லா அழுத்து."

ஜனவரி 9, 2025, வியாழன்

2 லட்சம் கணக்கில் ஏறிவிட்டது. பாஸ்புக்கில் இருந்த அந்த 436 ரூபாய்ப் பணம்! அந்த அம்மாள் தள்ளுவண்டிக் கடனை அடைத்துவிட்டு, மீதியைப் பெண்ணின் பேரில் போடப்போவதாகச் சொன்னார். நாளை மறுநாளிலிருந்து வண்டியை அவரே தள்ளுகிறார்.

பெரிய பாலிசி பற்றித் தகவல் இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

விசாரணை உள்ள மரணக் கிளெய்மை 45 நாளில் முடிக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. முடித்தபாடில்லை. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம் தயார். பென்சில் கோடு போட்ட வரி அதில் இரண்டாவது பத்தியில் இருக்கிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

இன்று திண்ணைக்கு ஓர் ஆட்டோக்காரர் வந்தார். டீக்கடை விஷயம் கேள்விப்பட்டு, தனக்கும் ஒரு பாலிசி வேண்டுமென்றார். ஏஜென்ட் அம்மா ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துக்காட்டிக்கொண்டே வந்தார். சர்க்கரை? "லேசா இருக்கு, மாத்திரை போடறேன்." 'உண்டு' என்று எழுதினார். ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், பிரீமியம் கூடலாம் என்றார். ஆட்டோக்காரரின் முகம் மாறியது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருத்தர் டெஸ்டே இல்லாமல் முடித்துத் தருவதாகச் சொன்னாராம்.

"அப்படிப் போட்டா உனக்கு ஒண்ணுன்னா உன் வீட்ல என்னை மாதிரி ஒருத்தரைத் தேடி அலைவாங்க தம்பி."

அவர் கேட்கவில்லை. படிவத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். ஏஜென்ட் அம்மா அவருடைய ஆட்டோ நம்பரைப் படிவத்தின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டார். காலையில் ஆசிரமத்து வாசல் ஸ்டாண்டில்தான் நிற்பார், போய் இன்னொரு தடவை பேசிப் பார்க்கப்போவதாகச் சொன்னார்.